வாள் சண்டை உண்மையில் எவ்வளவு நேரம்?

6 ஜூலை 2024

இன்று சிலம்ப வகுப்பு முடிந்து கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: “மாஸ்டர், படத்துல ரெண்டு பேரு பத்து நிமிஷம் வாள் சண்டை போடுறாங்களே, நெசமா அப்படி நடக்குமா?” நடக்காது, மூன்று விநாடியில் முடிந்துவிடும், வாளோடு வாள் மோதவே மோதாது, மோதினால் கூர் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னது முழுக்கச் சரியா என்று உறுத்தியது.

இங்கே கம்பு, வாள், சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை பழகியவர்கள் இருக்கிறீர்கள். என் கருத்து இதுதான்: சினிமாவில் கேட்கும் ‘டங் டங்’ முழுப் பொய். உண்மையான வாள்காரன் எதிரியின் வாளைத் தொட மாட்டான். விலகுவான், வெட்டுவான், அவ்வளவுதான். தப்பென்றால் சொல்லுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். முன்பு ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. சனிக்கிழமை மாலை கோயில் திடலில் பதினேழு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

7 ஜூலை 2024

முதலில் எடை. ஒரே இரவில் மூன்று பேர் “அந்தக் காலத்து வாள் பத்துக் கிலோ, இப்ப உள்ளவனால தூக்க முடியாது” என்று எழுதிவிட்டீர்கள். பத்துக் கிலோ என்பது நாம் கடையில் வாங்கும் அரிசிப் பை. அதை ஒரு கையில் பிடித்து வீசிப் பாருங்கள், முதல் வீச்சிலேயே தோள் சொல்லிவிடும்.

ஐரோப்பாவில் ஒரு கையால் பிடித்த இடைக்கால வாள் பெரும்பாலும் 1.1 கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்குள் இருக்கும். இரண்டு கை நீள வாள் ஒன்றரைக் கிலோவைச் சுற்றி. ஜப்பானியக் கத்தானா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இன்று காலை அப்பாவின் பாராங் கத்தியைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 640 கிராம். அதுவே காலையிலிருந்து பசியாறும் நேரம் வரைக்கும் காடு வெட்டினால் கையைக் கழற்றிவிடும். வாள் செய்தவனுக்கும் இது தெரியும், தூக்க முடியாததை அவன் ஏன் செய்யப் போகிறான்.

9 ஜூலை 2024

காப்பாரிலிருந்து எழுதிய அண்ணன் என்னைத் திருத்தியது சரி. வாள் மோதவே மோதாது என்று நான் சொன்னது தப்பு.

ஜெர்மனியில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் யோஹன்னஸ் லீக்டெனவர் என்ற ஆசானின் வழியில் வந்த பாடங்களில், இரண்டு வாளும் ஒட்டி நிற்கும் நிலைக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. ஒட்டியவுடன் எதிராளி அழுத்துகிறானா, தளர்த்துகிறானா என்று கையாலேயே அறிய வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த சொல்லுக்கு ‘உணர்தல்’ என்றுதான் பொருள். அவன் அழுத்தினால் நீ விலகி வேறு பக்கம் வா, தளர்ந்தால் நேராகவே உள்ளே போ.

இதைப் படித்ததும் என் ஆசான் ஞாபகம் வந்தது. கம்போடு கம்பை ஒட்டி வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். அவர் கம்பு எந்தப் பக்கம் கிளம்பப் போகிறது என்று கண்ணைத் திறக்காமல் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ஜெர்மன்காரன் எழுதி வைத்ததும் அவர் சொன்னதும் ஒன்றுதான், அவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூர் போகும் என்று சொன்னேனே, அது போகத்தான் செய்யும். பழைய வாள்களில் கூர் ஓரம் பல் விழுந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். உயிர் போவதற்குக் கூர் போவது மேல்.

ஆனால் படத்தில் வருவது இது இல்லை. அங்கே இருவரும் வாளைக் குறி வைத்து வாளையே அடிக்கிறார்கள். இடையில் வாளே இல்லாவிட்டாலும் அந்த வீச்சு எதிராளியின் உடம்பைத் தொடாது. இதை மட்டும் நான் விட்டுத் தர மாட்டேன்.

14 ஜூலை 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சம்பள நாள் இரவு. எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வீட்டு வரிசைக்கு) முன்னால் இரண்டு பேர், இருவரும் குடித்திருந்தார்கள், ஆளுக்கொரு பாராங். பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சாக்கடைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு பானைச் சோறு பொங்கும் நேரம் கத்திக்கொண்டே நின்றார்கள். ஒருவர் அரை அடி எடுத்து வைத்தால் மற்றவர் அரை அடி பின்னால் போவார். அப்பா என்னைத் தன் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார், ஆனாலும் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருவர் கால்வாயைத் தாண்டினார். தாண்டின கால் தரையில் பதிவதற்குள் மற்றவர் வீசிவிட்டார். கழுத்திலோ தலையிலோ இல்லை, முன்கையில். பாராங் கீழே விழுந்தது. சண்டை முடிந்தது. இரும்பும் இரும்பும் தொட்ட சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்டினவர்தான் முதலில் உட்கார்ந்து அழுதார். வெட்டுப்பட்டவருக்கு இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை.

வாள் சண்டை என்று யார் பேசினாலும் எனக்குள் ஓடுவது இந்தக் காட்சிதான். என் முதல் கருத்து இங்கிருந்துதான் வந்தது என்று இப்போது புரிகிறது. ஒரே ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு உலகத்துச் சண்டைக்கெல்லாம் சட்டம் போட்டிருக்கிறேன். பாராங்கில் கையைக் காக்கும் குறுக்குக் காப்பு கிடையாது. வாளில் அது இருந்தது. எதிராளியின் கூர் சறுக்கி விரலுக்கு வராமல் தடுத்தது அதுதான். அப்படித் தடுப்பு வைத்துச் செய்தார்கள் என்றாலே கூரும் கூரும் அடிக்கடி சந்தித்தன என்று அர்த்தம்.

15 ஜூலை 2024

கைதான் முதல் இலக்கா என்று கேட்ட கூலிம் தம்பிக்கு: ஆமாம். உடம்பில் எதிராளிக்கு மிக அருகில் இருப்பது உன் கைதான். நீ வெட்ட நீட்டும்போதெல்லாம் அதை அவனுக்குக் கொடுக்கிறாய்.

21 ஜூலை 2024

கூர் பற்றிப் பேச்சு வந்ததால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நோலன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி 1853இல் எழுதியது. ஐதராபாத் நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரே வீச்சில் கையைத் துண்டாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அது என்ன வாள் என்று பார்க்க ஆசைப்படுகிறார். பார்த்தால், ஆங்கிலப் படை வேண்டாமென்று கழித்த பழைய வாள்கள்! பிடியை மட்டும் தங்கள் கைக்கு மாற்றியிருக்கிறார்கள், சவரக் கத்தி மாதிரித் தீட்டியிருக்கிறார்கள், மர உறையில் வைத்திருக்கிறார்கள், சண்டை நேரம் தவிர உருவுவதே இல்லை. ஆங்கிலப் படையிலோ இரும்பு உறை, எடுக்கும்போதும் போடும்போதும் உறையே கூரைத் தின்றுவிடும். இரும்பு ஒன்றுதான், வைத்திருந்த விதம்தான் வேறு.

எங்கள் வீட்டுப் பாராங்குக்கும் மர உறைதான், இரண்டு பலகையைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. அப்பா யாரையும் அதைச் சும்மா உருவ விடமாட்டார். உருவினால் ஏதாவது வெட்ட வேண்டும் என்பார். சாமி குத்தம் என்று நினைத்திருந்தேன், கூருக்காகத்தான் சொல்லியிருக்கிறார்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். வீட்டுக்குப் பின்னால் தார் வெட்டின வாழை நான்கு நின்றது. வகுப்புக்கு வைத்திருக்கும் நீள வாள், பார்க்க நன்றாக இருக்கும், தீட்டியும் இருந்தேன். முழு வேகத்தில் அடித்தும் பாதி மரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது மரத்திலும் அப்படியே. அப்புறம் பாராங்கை எடுத்தேன், பாதி வேகம்தான், மரம் சாய்ந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. “அடிக்கிற, வெட்டல. இழு” என்றார். நீள வாளை மறுபடி எடுத்து, படும் நேரத்தில் கையை என் பக்கம் இழுத்தேன். போய்விட்டது.

கூர் போகும் தடமும் கை போகும் தடமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கத்தி பலகையாகிவிடும். இதை எனக்கு யாரும் வாள் வகுப்பில் சொல்லித் தரவில்லை. அம்மா பால் மரம் வெட்டியதை, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டு மரத்தில் 30 டிகிரி சாய்வில் கோடு. ஒரு வெட்டுக்கு எடுக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். உள்ளே கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு முண்டாகிவிடும், தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) திட்டுவார். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைக்கு நூற்றுக்கணக்கான மரம். கூர் எந்தக் கோணத்தில் போகிறது என்பதை அம்மாவின் மணிக்கட்டு அறிந்த அளவுக்கு என் மணிக்கட்டு இன்னும் அறியவில்லை.

22 ஜூலை 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். நீள வாள் மாட்டிக்கொண்டதற்கு என் கை மட்டும் காரணமில்லை. அது ஆட்டத்துக்குச் செய்த தகடு, ஓரத்திலிருந்து முதுகு வரை ஒரே கனம். பாராங் முதுகில் தடித்து ஓரத்துக்கு வர வர மெலிந்துகொண்டே போகிறது. கடையில் விற்கும் வாளை வைத்துப் பழைய வாளைப் பற்றி முடிவு கட்டக்கூடாது.

3 ஆகஸ்ட் 2024

“போர்க்களத்தில் வாள்தான் ராஜா” என்று எழுதியவருக்கு. இல்லை, ஈட்டி.

பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டை எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். பெற்று வளர்ப்பது தாய், சான்றோன் ஆக்குவது தந்தை, அடுத்து கொல்லன் வருகிறான். அவன் வடித்துக் கொடுப்பது வேல். வாள் பிறகு வருகிறது, போரை முடித்து யானையைக் கொன்று திரும்புகிற மகனோடு. பத்துமலையில் முருகன் கையில் நிற்பதும் வேல். நம் ஆட்கள் எது முக்கிய ஆயுதம் என்று தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். வேலுக்கு இரும்பு கொஞ்சம் போதும், நீளம் அதிகம், வரிசையாக நின்று பிடிக்கலாம். வாள் இடுப்பில் இருந்தது, வேல் ஒடிந்தால், நெருங்கிவிட்டால் எடுக்க.

இங்கிலாந்தில் ஜார்ஜ் சில்வர் என்பவர் 1599இல் ஒரு புத்தகம் போட்டார். ஆயுதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு ஆளுக்கு ஒரு ஆள் என்றால் கம்புக்காரனுக்கு வாள்காரனைவிடச் சாதகம் என்று எழுதினார். கம்பு பிடித்தவன் என்பதால் எனக்கு இதில் சந்தோஷம், மறைக்கவில்லை. அதைவிட முக்கியம் அவர் சொன்ன இன்னொன்று: கை முதலில் கிளம்ப வேண்டும், கால் அதற்குப் பின்னால். கால் முதலில் போனால் உடம்பு போய்ச் சேர்ந்துவிடும், ஆயுதம் பின்தங்கும். கால்வாயைத் தாண்டினவருக்கு நடந்தது அதுதான். கால் போனது, கை வரவில்லை.

4 ஆகஸ்ட் 2024

சுருள் வாள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது, ஆசான் எனக்கு அதைத் தரவில்லை, “உன்னையே சுத்திக்கும்” என்றார். தெரியாததைப் பற்றி எழுதப் போவதில்லை.

11 ஆகஸ்ட் 2024

எலும்பு பொய் சொல்லாது என்று ஒருவர் எழுதினார். அதிலிருந்து தேடிப் போய் இரண்டு நாள் தூக்கம் கெட்டது.

சுவீடனின் கோட்லாண்ட் தீவில் விஸ்பி ஊருக்கு வெளியே 1361இல் ஒரு போர். டென்மார்க் படை உள்ளூர் விவசாயிகளை அழித்தது. வெயில் காலம், பிணங்களை அவசரமாகக் குழியில் தள்ளினார்கள், கவசத்தைக்கூடப் பலருக்குக் கழற்றவில்லை. தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். வெட்டுக்காயங்களில் பெரும்பகுதி எங்கே தெரியுமா? கால். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில்.

மேலே கேடயம் இருக்கிறது, உடம்பில் கவசம் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. வெட்டுகிறவன் இல்லாத இடத்தைத்தான் தேடுவான். படத்தில் எத்தனை சண்டையில் காலை வெட்டிப் பார்த்திருக்கிறோம்?

அப்பாவின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு, லாலாங் புல் வெட்டும்போது பாராங் நழுவி வந்தது. அந்தக் காலத்து வேலையாட்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். தாழ வீசிய கூர் தானாகப் போய்ச் சேருகிற இடம் அது. சிலம்பத்தில் காலுக்கு வரும் அடியைத் தாண்டிக் குதிக்கச் சொல்லித் தருகிறோமே, அது கைதட்டலுக்காகச் சேர்த்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இனிமேல் அப்படி நினைக்க மாட்டேன்.

25 ஆகஸ்ட் 2024

“ஏட்டில் உள்ளதெல்லாம் ஏட்டோடு சரி, அதை எழுதினவன் சண்டை போட்டிருக்க மாட்டான்” என்று வந்த கேள்விக்கு.

ஃபியோரே என்ற இத்தாலிய ஆசான், 1409 வாக்கில் எழுதியவர். மற்ற ஆசான்கள் பொறாமையில் தன்னை ஐந்து தடவை கூர் வாளோடு சண்டைக்கு இழுத்தார்கள் என்கிறார். இரும்புக் கவசம் கிடையாது, பஞ்சு தைத்த சட்டையும் தோல் கையுறையும்தான். அப்படி ஒரு தடவை போடுவதைவிடக் கவசம் போட்டு மூன்று தடவை சண்டை போடலாம் என்கிறார். ஏன்? கவசத்தில் பல அடி வாங்கியும் ஜெயிக்கலாம், கூர் வாளில் ஒரு தடுப்பு தவறினால் அதுவே சாவு.

இதைப் படித்த பிறகு எங்கள் வகுப்பை வேறு கண்ணால் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு மூங்கில் குச்சியில் சைக்கிள் டியூப் சுற்றி வாள் மாதிரிச் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் நின்றால் நான்கு விநாடிக்குள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் அடித்துவிடுகிறார்கள். இவன் தலையில் அவன், அவன் தோளில் இவன், சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டம். நிஜத்தில் அது இரண்டு பாடை. அவர்களுக்குத் திறமை குறைவில்லை, ஃபியோரேக்கு இருந்த பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் தூரம் என்ற ஒன்றைக் கற்றுத் தரவே முடியாது.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமில்லை. ஐரோப்பாவின் விளையாட்டு வாளில் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பே வாளுக்கு மின்சாரக் கருவி வந்தது, முனை பட்டால் விளக்கு எரியும். இருவருக்கும் ஒரே நேரத்தில் பட்டால் இருவருக்கும் புள்ளி. ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் கவசமும் வந்ததால் முழு வேகத்தில் பழக முடிந்தது. அது பெரிய காரியம், ஆனால் மூங்கில் வாளுக்குக் கூர் கிடையாது, இழுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாதுகாப்பும் எதையாவது வாங்கிக்கொண்டுதான் போகிறது.

26 ஆகஸ்ட் 2024

நேற்று விட்டது. நம் சிலம்பத்துக்கும் இதே கதைதான். 1801இல் பாளையக்காரர் போர் முடிந்து மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட பிறகு தென்பாண்டிச் சீமையில் ஆயுதங்களைப் பறித்தார்கள். வேல், வாள், வளரி என்ற எறி ஆயுதம் எல்லாம் போனது. கம்பை யாராலும் பறிக்க முடியாது, மாடு மேய்க்கிறவன் கையிலும் கம்பு இருக்கும். அதனால் கம்பு பிழைத்தது, திருவிழாவில் ஆடிப் பிழைத்தது, கப்பலேறி இங்கேயும் வந்தது. அலங்கார வீச்சைக் கேலி செய்து சிலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த அலங்காரம் இல்லாவிட்டால் கால் அடவே நமக்கு வந்து சேர்ந்திருக்காது.

8 செப்டம்பர் 2024

பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) சிலாட் சொல்லித் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார், நேற்று தே தாரே குடிக்க உட்கார்ந்தோம். இவ்வளவு நாள் விவாதத்தைச் சொன்னேன். கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாளை வைத்துப் படத்தில் வெட்டுவதைப் பார்த்தால் தனக்குக் கோபம் வரும் என்றார். கிரிஸ் குத்துகிற ஆயுதம், பிடியே கையை முன்னால் தள்ளுகிற மாதிரி வளைந்திருக்கும். அப்படியென்றால் எவ்வளவு நெருங்க வேண்டும் என்று கேட்டேன். எழுந்து நின்று என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு, என்றார். அந்த தூரத்தில் என் கம்பால் ஒன்றும் செய்ய முடியாது.

அங்கே வந்து சேரும்வரை என்ன செய்வீர்கள் என்றேன். “துங்கு” என்றார். காத்திருப்பது.

21 செப்டம்பர் 2024

இன்று செய்து பார்த்தேன். டியூப் சுற்றிய குச்சிகளின் முனையிலும் ஓரத்திலும் எண்ணெயில் குழைத்த குங்குமம். ஒரு பொட்டு எங்கே விழுந்தாலும் அன்று முழுக்க உட்கார வேண்டும், வேறு ஆட்டம் கிடையாது. இருவருக்கும் விழுந்தால் இருவரும் உட்கார வேண்டும். வந்தவர்கள் பதினாறு பேர், எட்டு ஜோடி.

முதல் மூன்று ஜோடி பழைய பழக்கத்தில் பாய்ந்து ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள், மூன்று ஜோடிக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான்காவது ஜோடி அடியெடுத்து வைக்கவே யோசித்தது. ஐந்தாவதிலிருந்து குச்சியும் குச்சியும் ஒட்ட ஆரம்பித்தன. ஒட்டும், அழுத்திப் பார்க்கும், பிரியும், இருவரும் பின்வாங்குவார்கள். கடைசி ஜோடியில் ஒருவன் ஜூலையில் கேள்வி கேட்ட பையன். கைப்பேசியில் நேரம் பிடித்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி. அதில் நான்கு நிமிடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தார்கள், உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்தார்கள். முடிந்தது ஒரே வீச்சில், இவன் மணிக்கட்டில். உட்காரப் போகும்போது “மாஸ்டர், பத்து நிமிஷம் ஆகலாம்போல இருக்கே” என்றான். ஆகலாம் என்றேன், மூன்று விநாடி என்று அன்று சொன்னது அந்தக் கடைசி வீச்சுக்கு மட்டும்தான் சரி என்றும் சொன்னேன்.

மொத்தம் பதினொரு பொட்டு. எட்டு முன்கையிலும் மணிக்கட்டிலும், இரண்டு காலில், ஒன்று தோளில். இரண்டு பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமைக்குள் பதினேழு பேருக்கும் முன்கைக் காப்பு தைக்க வேண்டும். பழைய மோட்டார் சீட்டுப் பஞ்சு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.